ஆம்னிக்கு மாற்றாக எந்தக் கார்?

கேள்வி: "எங்களிடம் 2010-ல் பதிவு செய்த மாருதி ஆம்னி உள்ளது. 15 ஆண்டு முடிந்துவிட்டது. வீட்டில் நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், மகள், 74 வயது அப்பா என ஐந்து பேர். ஐந்து ஏக்கர் நிலம். மணிலா, நெல், கொஞ்சம் கரும்பு. விதை, உரம், மூட்டை எல்லாமே ஆம்னியில்தான் போகும். அதே மாதிரி உழைக்கிற வண்டி வேண்டும் என்பது என் எண்ணம். மகன், 'ஓட்டுறதுக்கு ஜாலியா இருக்கணும்' என்கிறான். மனைவி, 'பத்திரமா போய் வந்தா போதும்' என்கிறார். கையில் மூன்று லட்சம் ரூபாய் இருக்கிறது. எந்தக் காரை வாங்கலாம்?"
- வாசகர், வல்லம், செஞ்சி வட்டம்.

பதில்: கடிதத்தில் இருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும், ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று வண்டி கேட்கிறார்கள். அப்பா சுமைவண்டி கேட்கிறார். மகன் ஓட்ட இன்பமான வண்டி கேட்கிறார். அம்மா பத்திரமான வண்டி கேட்கிறார். இத்தனை வருடமாக ஆம்னி கொடுத்தது முதலாவதை மட்டும்தான். மற்ற இரண்டையும் யாரும் கேட்கவில்லை, அதனால் குறை தெரியவில்லை.

மாருதி வேன் என்ற பெயரில் 1984-ல் வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019-ல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி அது. 796 சி.சி. என்ஜின், ஏறத்தாழ 35 குதிரைசக்தி. பவர் ஸ்டீயரிங் கிடையாது. பின்சீட்டை மடக்கினால் ஒரு சின்னக் களஞ்சியம். தள்ளுக்கதவு என்பதால் குறுகிய சந்திலும் மூட்டையை இறக்கலாம். கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி அந்த விலையில் வந்ததில்லை என்றே சொல்லலாம். ஆனால் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால், முன்பக்கம் மோதினால் அடியைத் தாங்க நீளமே இல்லை. ஓட்டுபவரின் முழங்கால்தான் பம்பருக்கு அடுத்து நிற்கிறது. திண்டிவனம் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரியும் பேருந்தும் போகிற வேகத்தை வல்லம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் ஆம்னியின் வாரிசான ஈகோவை வாங்கிவிடலாமா? 2010-ல் வந்த ஈகோவில் 1.2 லிட்டர் என்ஜின். இழுவையில் ஆம்னியைவிட எவ்வளவோ மேல். ஆனால் 2016-ல் குளோபல் என்கேப் அமைப்பு மோதல் சோதனை செய்தபோது, காற்றுப்பை இல்லாத ஈகோ ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. இப்போது காற்றுப்பைகளோடு வருகிறது. பழைய ஈகோவை வாங்குபவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஈகோவைத் தேடுவதற்கு முன்பு அதைவிட முக்கியமான ஒரு கணக்கு இருக்கிறது.

மூட்டைக்கு ஒரு கணக்கு

வருடத்தில் எத்தனை நாள் ஆம்னியில் மூட்டை ஏறியது? கேள்வி கேட்டவர் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். அடியுரத்துக்கு ஒரு நாள், மேலுரத்துக்கு இரண்டு மூன்று நாள், விதை மணிலா வாங்க ஒரு நாள், அறுவடைக்குப் பிறகு செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குச் சில நடை. இரண்டு போகத்துக்கும் சேர்த்தாலும் ஐந்து ஏக்கருக்குப் பெரும்பாலும் பதினைந்து, இருபது நாளோடு முடிந்துவிடும். மீதி 340 நாளும் அந்த வண்டியில் ஏறியது மனிதர்கள்தான். இருபது நாள் வேலைக்காக மற்ற நாளெல்லாம் ஐந்து பேர் சுமைவண்டியில் உட்கார வேண்டுமா?

ஏறுகிற சரக்கையும் பார்க்க வேண்டும். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. டி.ஏ.பி. 50 கிலோ. விற்பனைக்கூடத்துக்குப் போகும் நெல் மூட்டை 75 கிலோ. சாதாரணக் குடும்பக் கார் ஆட்களையும் சேர்த்து நானூறு, நானூற்றைம்பது கிலோவைத் தாங்கும்படி செய்யப்பட்டது. நான்கு நெல் மூட்டை ஏறினாலே முந்நூறு கிலோ. ஓட்டுபவரும் உதவிக்கு ஒருவரும் ஏறினால் கணக்கு முடிந்தது. அதற்குமேல் ஏற்றினால் ஸ்பிரிங் படுத்துவிடும், பிரேக் பிடிக்கிற தூரம் கூடிவிடும். ஆம்னியில் ஆறு மூட்டை போனது என்பார்கள். போனது உண்மை. பின்பக்க அச்சையும் டயரையும் எத்தனை முறை மாற்றினார்கள் என்பதும் உண்மை.

யூரியாவும் பொட்டாஷும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். சாக்கிலிருந்து சிந்தும் ஒரு பிடி உரம் டிக்கி விரிப்புக்கு அடியில் போய்த் தங்கினால், அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த இடத்துத் தகடு துருப்பிடித்துப் பொரியும். பத்து வருடமான ஆம்னிகளின் பின்தளத்தைப் பார்த்தாலே இது புரியும். பூச்சிமருந்து இன்னும் மோசம். உணவுப் பொருளோடு பூச்சிக்கொல்லியைச் சேர்த்து ஏற்றக்கூடாது என்று 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. காலையில் மருந்து டப்பா வந்த அதே சீட்டில் மாலையில் மகள் தின்பண்டப் பையோடு உட்காருவது எந்த விதத்திலும் சரியில்லை.

அந்தப் பதினைந்து, இருபது நாளுக்குக் குட்டியானையை வாடகைக்குப் பிடிப்பதே மேல். பக்கத்து நிலத்துக்காரரும் அதே வாரத்தில்தான் உரம் எடுப்பார். இரண்டு பேர் சேர்ந்து ஒரு நடையாக எடுத்தால் செலவு பாதி. இந்த வாடகையை வருடக் கணக்கில் எழுதி, ஒரு வருடக் கார் தவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சுமைக்காகப் பெரிய வண்டி வாங்குவது எவ்வளவு வீண் என்பது தெரிந்துவிடும்.

சுமையை இப்படித் தனியாகப் பிரித்துவிட்டால், ஐந்து பேர் போய்வர ஒரு கார் என்பதோடு தேவை சுருங்கிவிடும். மகனின் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டிய இடமும் இதுதான்.

'ஜாலி' என்பது வீண் ஆசையா?

ஓட்ட இன்பமான கார் என்றால் வேகமாகப் பறக்கிற கார் என்று பெரியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். இளைஞர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கிளட்ச் காலை வலிக்கச் செய்யாமல் இருப்பது, திருப்பியதும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது, கியர் தடுமாறாமல் விழுவது, பிரேக் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கும் என்று காலுக்குத் தெரிவது, இரண்டாவது கியரில் மிதித்ததும் வண்டி தயங்காமல் இழுப்பது எல்லாம் சேர்ந்ததுதான் ஓட்டும் இன்பம்.

கரும்பு வெட்டுக் காலத்தில் முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் டிராக்டர்களை இரவில் பார்த்திருப்பீர்கள். இரண்டு டிரெய்லர், பின்விளக்கு கிடையாது, சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு கரும்பு. ஐந்து பேரோடு ஏ.சி. போட்டுக்கொண்டு போகும் கார் அதை முந்த வேண்டும். எதிரே பேருந்தின் விளக்கு தெரிகிறது. 800 கிலோ எடையுள்ள ஆம்னி 35 குதிரைசக்தியில் அந்த இடத்தில் திணறும். 900 கிலோவுக்கும் குறைவான எடையில் 83 குதிரைசக்தி கொண்ட 2018-ம் ஆண்டு ஸ்விஃப்ட் சில வினாடியில் முந்தித் தன் பக்கத்துக்கு வந்துவிடும். மகன் 'ஜாலி' என்று சொல்வதும் அம்மா 'பத்திரம்' என்று சொல்வதும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, கடிதத்தில் யாரும் எழுதாதது. அந்த வீட்டில் ஆம்னியை ஓட்டுவது யார்? பெரும்பாலான வீடுகளைப்போல அப்பா ஒருவர்தான் இருக்கும். மகன் விடுதியில் இருந்து வரும்போது ஓட்டுவார். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை அம்மாவும் மகளும் தொட்டிருக்கவே மாட்டார்கள். நள்ளிரவில் அந்த அப்பாவுக்கே நெஞ்சுவலி வந்தால்? 108-ஐ அழைக்க வேண்டும், அதுதான் முதல் வேலை. ஆம்புலன்ஸ் வேறு நடையில் இருந்தால், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் போக யார் இருக்கிறார்கள்? வாசலில் கார் நிற்கும், ஓட்ட ஆள் இருக்காது. இப்படிப்பட்ட வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன.

ஓட்ட எளிதான, ஓட்டப் பிடிக்கிற காருக்கு வீட்டில் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் தானாகக் கிடைப்பார். எனவே எந்தக் காரை முடிவு செய்வதாக இருந்தாலும், ஓட்டிப் பார்க்கிற நாளில் ஐந்து பேரும் போக வேண்டும். மகன் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். லைசென்ஸ் இருந்தால் அம்மாவும் மகளும் அரை மணி நேரம் ஓட்டட்டும். இல்லாவிட்டால் நின்ற வண்டியில் உட்கார்ந்து கிளட்சை மிதித்து, முன்னாலும் பின்னாலும் கண்ணாடியில் என்ன தெரிகிறது என்றாவது பார்க்கட்டும். தாத்தா இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். சீட் ரொம்பத் தாழ்வாக இருந்தால் மூட்டுவலிக்காரர் உள்ளே விழுந்து, வெளியே வர இன்னொருவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கும். கிளட்ச் பழக்கமே வராது என்று பயப்படுபவர்களுக்கு ஏ.எம்.டி. என்கிற தானியங்கி கியர் கொண்ட சிறு கார்கள் இருக்கின்றன. கியர் மாறும்போது ஒரு சின்ன குலுக்கல் இருக்கும், அவ்வளவுதான்.

எந்தெந்தக் கார்?

ஓட்டும் இன்பத்தில் ஸ்விஃப்ட்டுக்கு நல்ல பெயர். 2005-ல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான். செஞ்சியில் எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும் கை வைப்பார், உதிரிபாகமும் கிடைக்கும். ஆனால் 2018-ம் ஆண்டு மாடலுக்கு குளோபல் என்கேப் முதலில் இரண்டு நட்சத்திரமும், கடுமையாக்கப்பட்ட விதிகளின்படி 2022-ல் ஒரு நட்சத்திரமும்தான் கொடுத்தது. எடை குறைவாக இருந்தால் ஓட்ட நன்றாக இருக்கும், மோதினால் அதற்கான விலையும் உண்டு. 2024 மே மாதம் வந்த புதிய ஸ்விஃப்ட்டில் எல்லா வகையிலும் ஆறு காற்றுப்பை. தரையிலிருந்து உயரம் 163 மி.மீ. தார்ச்சாலைக்குப் போதும். டிராக்டர் டயர் இருபக்கமும் பள்ளமாக்கி நடுவில் மேடு விட்டிருக்கும் வயல் பாதையில் ஐந்து பேரோடு போனால் அடிவயிறு உரசும்.

டாடா டியாகோ 2016-ல் வந்தது. கொஞ்சம் கனமான வண்டி, மூன்று சிலிண்டர் என்ஜின், நின்றிருக்கும்போது லேசான அதிர்வு தெரியும். ஸ்விஃப்ட்டின் துள்ளல் கிடையாது. ஆனால் 2020-ல் நான்கு நட்சத்திரம் வாங்கியது. வளைவில் சாலையைப் பிடித்துக்கொண்டு போகிற உறுதி உண்டு. அதே நிறுவனத்தின் பஞ்ச் 2021-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. தரையிலிருந்து 187 மி.மீ. உயரம், சீட்டும் உயரம். தாத்தாவுக்கு இது வசதி. விலை கூடுதல். மாருதி இக்னிஸும் 180 மி.மீ. உயரம், ஸ்விஃப்ட்டின் நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் என்ஜின். பார்க்க ஒரு மாதிரியாக இருப்பதால் பழைய வண்டிச் சந்தையில் பலர் ஒதுக்குவார்கள். அழகை மட்டும் பார்க்காதவருக்கு அது லாபம்.

மகன் இன்னொரு பெயரும் சொல்லக்கூடும்: ஃபோர்டு ஃபிகோ. திண்டிவனத்திலிருந்து சென்னை போகும் வழியில் மறைமலைநகரில் செய்யப்பட்டது. 2010-ல் வந்து, 2011-ல் இந்தியாவின் சிறந்த கார் விருது வாங்கியது. ஸ்டீயரிங் சுகத்துக்காக இன்றும் இளைஞர்கள் தேடுகிறார்கள். அந்த நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டதால் விலையும் குறைவாகக் கிடைக்கிறது. பராமரிப்பும் உதிரிபாகமும் தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு பாகத்துக்காகச் சென்னையையோ புதுச்சேரியையோ எதிர்பார்த்துப் பத்து நாள் நிற்பது, வீட்டில் ஒரே கார் வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சரிவராது. மகன் சம்பாதித்து இரண்டாவது காராக வாங்கிக்கொள்ளட்டும்.

இந்த ஐந்து பேருக்கும் இந்தப் பணத்துக்கும் பார்த்தால், மூன்று நான்கு வருடம் ஓடிய டியாகோ அல்லது இக்னிஸ் பொருத்தமாக இருக்கும். பத்திரம் முதல் என்றால் டியாகோ, தாத்தாவும் வயல் பாதையும் முதல் என்றால் இக்னிஸ். இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகும் மகன் ஸ்விஃப்ட்தான் என்று நின்றால், 2024-க்குப் பிந்தைய மாடலாகப் பார்க்க வேண்டும், அதற்குப் பணம் கூடும்.

பழையது எதுவாக இருந்தாலும் 2022-ம் ஆண்டோ அதற்குப் பிறகோ தயாரானதாக இருக்கட்டும். ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் காற்றுப்பை எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2021 முடிவில்தான். அதற்கு முந்தைய கார்களில் விலை குறைந்த வகைகளில் ஒரே பைதான் இருக்கும். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தது விலையுயர்ந்த காரின் பின்சீட்டில், பெல்ட் போடாமல்.

பெட்ரோலா, டீசலா?

வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓடுகிற வீடு என்று வைப்போம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் 500 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 50,000 ரூபாய். டீசல் கார் 20 கிலோமீட்டர் கொடுத்தால் 400 லிட்டர், ஏறத்தாழ 37,000 ரூபாய். மிச்சம் 13,000. டீசல் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒரு லட்சம் ரூபாய் திரும்பி வர எட்டு வருடம் ஆகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியை வடிகட்டும் அமைப்பு உண்டு. ஊருக்குள்ளேயே குறைந்த தூரம் ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். டீசல் இந்த வீட்டுக்கு வேண்டாம்.

சி.என்.ஜி. சிக்கனம்தான். வழக்கமாகப் போகும் சாலையில் நிரப்பும் நிலையம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மின்சாரக் காரை வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்துகொள்ளலாம். பம்ப்செட்டின் இலவச மின்சாரத்தில் போடலாமே என்று சிலருக்குத் தோன்றும். அது முறைகேடு, இணைப்புக்கே வேட்டு வைக்கும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, எனவே மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் சீக்கிரம் கெடலாம், சர்வீஸின்போது பார்க்கச் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் பாகங்கள் இதற்கு ஏற்றபடி வருகின்றன. கரும்பும் மக்காச்சோளமும் போட்டவர்களுக்கு இதில் ஒரு வரவு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

தவணை மாதம் தவறாமல் வரும், அறுவடை வராது

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி., கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆறு லட்சம் ரூபாய் கார் ஏறத்தாழ 50,000 ரூபாய் குறைந்தது. புதிது வாங்கலாமே என்ற ஆசை வருவது இதனால்தான். அதே நேரம் தமிழ்நாட்டில் ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் சாலை வரி 13 சதவீதம். ஆறு லட்சத்துக்கு 78,000 ரூபாய். இன்சூரன்ஸும் மற்றதும் சேர்ந்து ஏழு லட்சத்தைத் தொடும். கையில் இருக்கும் மூன்று லட்சத்தையும் போட்டாலும் நான்கு லட்சம் கடன்.

நான்கு லட்சம் கடனுக்கு 9.5 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை மாதம் 8,400 ரூபாய். வருடத்துக்கு ஒரு லட்சம். 'ஏழு வருடம் போடுங்க சார், மாதம் 6,540தான்' என்று ஷோரூமில் சொல்வார்கள். வட்டி மட்டும் ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் ஆகிவிடும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஐந்து ஏக்கரில் செலவு போக வருடத்துக்கு என்ன நிற்கிறது என்பது அவரவர் நோட்டில் இருக்கிறது. அந்தத் தொகையில் ஒரு லட்சத்தைக் கழித்துவிட்டு வீட்டுச் செலவையும் கல்லூரிக் கட்டணத்தையும் எழுதிப் பார்க்கட்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, வல்லத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. நெல் மூழ்கியது, மணிலா விதைப்பு தள்ளிப்போனது. தவணைத் தேதி மட்டும் டிசம்பரிலும் வந்தது, ஜனவரியிலும் வந்தது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, அந்த மூன்று லட்சம் உபரிப் பணமா, அடுத்த பட்டத்துக்கான சாகுபடிப் பணமா என்பது. ஒரு பட்டத்துக்கான செலவை, உதாரணமாக 80,000 ரூபாயை, எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மீதியைத்தான் காருக்குக் கணக்கிட வேண்டும். பழைய கார் நான்கு லட்சத்துக்குள் அமைந்தால் ஒன்றே முக்கால் லட்சம் போலத்தான் கடன் வரும். பழைய காருக்கு வட்டி கூடுதல். ஒன்றரை லட்சத்தை 12 சதவீதத்தில் மூன்று வருடத்தில் கட்டினால் மாதம் 5,000 ரூபாய், மொத்த வட்டி 30,000-க்குள். மாதத் தவணைக்குப் பதிலாக அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை கிடைக்குமா என்று வங்கியில் கேட்க வேண்டும். டிராக்டர் கடனில் இது வழக்கம்தான், காருக்கும் சில கிளைகளில் ஒத்துக்கொள்வார்கள்.

சிட்டா, அடங்கல் கொடுத்துப் பயிர்க்கடனோ விவசாய நகைக்கடனோ வாங்கி, அதைக் காருக்கு முன்பணமாகக் கட்டுவது பல ஊர்களில் நடக்கிறது. வட்டி குறைவு என்பது கண்ணை மறைக்கிறது. கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய தேதியில் கட்டினால்தான் வட்டி இல்லை. கார் விளைச்சல் தராது, தேதி தவறும். தவறினால் வட்டியும் ஏறும், அடுத்த பட்டத்துக்குக் கடனும் கிடைக்காது. உரம் வாங்கக் கந்துவட்டிக்குப் போக வேண்டிவரும்.

பழைய காரைப் பார்க்கும்போது

2015 டிசம்பர் வெள்ளம், 2023-ல் மிக்ஜாம், 2024-ல் ஃபெஞ்சல். சென்னையிலும் கடலூர், விழுப்புரம் பக்கமும் தண்ணீரில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை மறையாது. ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் சீட்டின் இரும்புத் தண்டவாளத்திலும் துரு, கதவை மூடியதும் ஈரச்சாக்கு வாடை, இவை இருந்தால் என்ன விலை சொன்னாலும் திரும்பி வந்துவிடுவது நல்லது.

வல்லத்திலிருந்து புதுச்சேரி பக்கம் என்பதால் பி.ஒய். பதிவு எண் கார்கள் குறைந்த விலைக்கு வரும். அங்கே வரி குறைவு. தமிழ்நாட்டில் வைத்து ஓட்டினால் தடையில்லாச் சான்று வாங்கி, 12 மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்து, சாலை வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையைச் சேர்த்தால் மலிவு காணாமல் போய்விடும். கடன் உள்ள வண்டியா, இன்சூரன்ஸ் இருக்கிறதா, அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்பதைப் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டே பார்க்கலாம்.

வாங்கிய பிறகு காரை மணிலா மூட்டை அடுக்கிய கொட்டகையில் நிறுத்த வேண்டாம். மணிலாவுக்கு வரும் எலி, என்ஜின் சூட்டுக்கு அங்கேயே குடியேறி ஒயரைக் கடிக்கும். புதிய கார்களில் ஒயர் கட்டு மாற்றுவது ஆயிரங்களில் முடியாது. எலி மருந்து வைத்தால் அது பானெட்டுக்குள் போய்ச் செத்து, ஒரு வாரம் நாறும். பொறி வைத்துப் பிடிப்பதும், வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பதும் போதும்.

ஆம்னியை என்ன செய்வது?

15 வருடமானால் வண்டியை உடைத்தே ஆக வேண்டும் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. தனியார் கார்களுக்கு அந்தக் கட்டுப்பாடு டெல்லிப் பகுதிக்கு வந்தது. தமிழ்நாட்டில் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. 20 வருடத்தைத் தாண்டினால் கட்டணம் 10,000. மூட்டைக்கென்று ஆம்னியை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இரண்டு வண்டிக்கு இன்சூரன்ஸ், பேட்டரி, டயர் என்று கணக்குப் போட்டால் குட்டியானை வாடகையே குறைவாக வரும். பின்தளம் துருப்பிடித்திருந்தால் புதுப்பிக்கச் செலவு செய்யவே வேண்டாம்.

புதுப்பித்து விற்றால் விலை கொஞ்சம் கூடும். உற்பத்தி நின்ற பிறகு நல்ல ஆம்னிக்குத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். விற்கும்போது படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டி யார் மீதாவது மோதினால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவரைத் தேடித்தான் சம்மன் வரும். ஆம்னியின் இன்சூரன்ஸில் கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி சேர்ந்திருந்தால், அது வண்டியோடு போகாது. உரிமையாளருடையது. அதற்கான சான்றிதழை இன்சூரன்ஸ் நிறுவனத்தில் கேட்டு வாங்கிப் புதிய காரின் பாலிசியில் கழித்துக்கொள்ளலாம். சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும்.